பிளஸ் டூவில் 540 எடுத்தவள் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஆகலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 540 வாங்கியிருக்கிறாள். இன்ஜினியரிங் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தான் ஆசை என்கிறாள். "இவ்வளவு மார்க் எடுத்துட்டு அ, ஆ சொல்லிக் கொடுக்கப் போறாளா?" என்று வீட்டில் தினம் சண்டை. மதிப்பெண்ணை வைத்து நான் இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை மொட்டை மாடியில் உட்கார வைத்து, நீர்ச்சுழற்சிப் பாடத்தை அவளை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள்.

ஏன் அந்தப் பாடம் என்றால், எல்லோரும் சுலபம் என்று நினைப்பது அதைத்தான். கடல், சூரியன், மேகம், மலை, நாலு அம்புக்குறி. பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம், பிள்ளைகளும் அழகாக ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் காய்ந்துபோன தரையைக் காட்டி, "இங்க கிடந்த தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "தரை குடிச்சிருச்சு" என்பார்கள். இது மக்குத்தனம் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதை நம்ப அவர்களுக்கு இதுவரை யாரும் காரணம் காட்டவில்லை, அவ்வளவுதான். பெரியவர்களே நெடுங்காலம் தடுமாறிய விஷயம் இது. ஆறுகள் ஓடுவதற்கு மழைநீர் மட்டும் போதாது, பூமிக்கடியில் வேறெங்கிருந்தோ நீர் வருகிறது என்றுதான் ஐரோப்பிய அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். 1674-ல் பியர் பெரோ என்பவர் பிரான்ஸின் சேன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழை ஆறு மடங்கு அதிகம் என்று காட்டினார். அதன் பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

"தரை குடிச்சிருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னதும் உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். "தப்பு, ஆவியாயிடுச்சுன்னு சொல்லு" என்றால் அவள் இன்னும் மாணவிதான். "சரி, எவர்சில்வர் தட்டு தண்ணி குடிக்குமா?" என்று கேட்டு, இரண்டு தட்டில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் வெயிலில் வைத்தால் எனக்கு நம்பிக்கை வரும். திறந்த தட்டு காய்ந்ததும் ஒருவன் "காக்கா குடிச்சிருக்கும் மிஸ்" என்பான். அவனை அதட்டாமல், "அப்போ அதுமேல வலைக்கூடையைக் கவிழ்த்து வெச்சுப் பார்ப்போமா?" என்று கேட்பவளுக்கு இந்த வேலை கைவரும். தட்டு காயும்வரை பொறுமையாக இருப்பதும் இந்த வேலையின் பெரும்பகுதிதான்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கும். உள்ளேயிருந்து கசிகிறது என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். டம்ளருக்குள் பீட்ரூட் சாறு கலந்து வைக்கச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் துளி நிறமில்லாமல் இருப்பதைப் பார்த்ததும் அவர்களே வாதத்தை மாற்றிக்கொள்வார்கள்.

பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்கூடச் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மேலே எழும் வெள்ளைப் புகையைக் காட்டி "இதுதான் நீராவி" என்பார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் அந்த வெள்ளை, காற்றில் குளிர்ந்து மீண்டும் துளியான தண்ணீர். மேகமும் அப்படித்தான், மிகச்சிறிய நீர்த்துளிகளும் பனித்துகள்களும். கொதிக்கவைப்பதை மட்டுமே காட்டினால், கடலும் எங்கோ கொதிக்கிறது போல என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். கொடியில் காயும் ஈரத்துணியைக் காட்டினால் அந்தக் குழப்பமே வராது.

நீங்கள் தூத்துக்குடியில் இருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. உப்பளப் பாத்தியில் தண்ணீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கடலிலிருந்து ஏறிய நீர் மழையாகும்போது ஏன் கரிக்கவில்லை என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசம் அணை, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எல்லாம் தாண்டி, 130 கிலோமீட்டருக்குள் புன்னக்காயல் பக்கம் கடலில் சேர்ந்துவிடுகிறது. மலையிலிருந்து கடல் வரை பக்கத்து ஊர்ப் பெயர்களாலேயே சொல்லிவிடலாம். புத்தகத்தில் இருக்கும் பெயரில்லாத மலையும் பெயரில்லாத கடலும் எதற்கு?

புத்தகப் படங்களில் இன்னொரு குறையும் உண்டு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு பல நாடுகளின் 464 நீர்ச்சுழற்சிப் படங்களைப் பார்த்தது. அவற்றில் சுமார் 85 சதவீதத்தில் மனிதத் தலையீடே இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2022-ல்தான் தன் படத்தைத் திருத்தி மனிதர்களைச் சேர்த்தது. நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் போர்வெல், மோட்டார், ஓவர்ஹெட் டேங்க், தண்ணீர் லாரி இவையெல்லாம் அந்தப் படத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று உங்கள் மகள் யோசித்தால், அவள் பாடப்புத்தகத்தைத் தாண்டிவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, உங்கள் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையைவிட அதிகம். அந்த வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த பிள்ளை எதிரில் இருக்கலாம். மழை என்றதும் அவன் முகம் மாறினால், அதைக் கவனித்துப் பாடத்தை நிறுத்தத் தெரிய வேண்டும்.

இனி படிப்பு விஷயம். "டிகிரி முடிச்சு பி.எட். போட்டா எல்லா வகுப்புக்கும் போகலாம்" என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய கதை. தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அவள் விரும்புவது ஒன்று முதல் ஐந்து வரை என்றால், வழி டி.எல்.எட்., அதாவது இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம். முதலில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் இடம் பாருங்கள். தனியாரில் சேர்ப்பதானால் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பிறகு டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். 150 கேள்விகளில் 30 சூழ்நிலையியல், மேலே சொன்ன பாடமெல்லாம் அதற்குள் வருகிறது. அதில் தேறிய பிறகு அரசுப் பள்ளிக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் போட்டித் தேர்வு தனி. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பணியில் இருந்து, ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறவர்களுக்கும் டெட் கட்டாயம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் எப்படியாவது தப்பித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அரசு இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்பு ஆசிரியரின் பதவிப் பெயர் அதுதான்) அடிப்படை ஊதியம் 20,600-ல் தொடங்கும், படிகள் தனி. 2009 ஜூனுக்குப் பின் சேர்ந்தவர்கள் முன்னவர்களைவிடக் குறைவாக வாங்குகிறார்கள் என்ற போராட்டம் வருடக்கணக்காக நடக்கிறது. பல தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பு ஆசிரியருக்குக் கொடுப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. பட்டயம் முடித்து டெட் எழுதி, போட்டித் தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கும் அந்தக் காலத்தை வீடு தாங்குமா என்று கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த இடைவெளியில் தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டம் படித்துவிட்டால், பின்னாளில் பதவி உயர்வுக்கு உதவும்.

இந்த ஞாயிறு வேண்டாம், உங்கள் ஊர் உறவினர் திருமணம் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு வெயில் இருக்கும்போது காலை பத்து மணிக்கே தட்டுகளை வைத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் என்னென்ன பதில் சொன்னார்கள், அவள் திருப்பி என்ன கேட்டாள் என்று எழுதி அனுப்புங்கள். அவளே எழுதினால் இன்னும் நல்லது.