நெட்சூட் சேவ்ட் சர்ச்சில் வாடிக்கையாளர் விவரத்தையும் நெடுவரிசையாகக் (column) கொண்டுவருவது எப்படி?

நெட்சூட் என்ற வணிக மென்பொருளில் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தும் தேடல்தான் சேவ்ட் சர்ச். அப்படியொரு சேல்ஸ் ஆர்டர் தேடலில் வாடிக்கையாளரின் மின்னஞ்சலும், அவரைக் கவனிக்கும் சேல்ஸ் ரெப்பின் போன் நம்பரும் வேண்டும் என்கிறீர்கள். முதலாவது எளிது, இரண்டாவதற்குக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

ரிசல்ட்ஸ் டேபில் புதிய நெடுவரிசை சேர்க்கும்போது ஃபீல்ட் பட்டியலின் கடைசி வரை இறங்குங்கள். பெயருக்குப் பின் மூன்று புள்ளி வைத்தவை எல்லாம் தொடர்புள்ள ரெக்கார்டுகள். அதில் 'கஸ்டமர் (மெயின் லைன்) ஃபீல்ட்ஸ்...' என்பதைத் திறந்து 'ஈமெயில்' எடுத்தால் முடிந்தது.

ஒரே ஆர்டர் பல வரிகளாக வருகிறதா? கிரைட்டீரியாவில் (தேடல் நிபந்தனைகளில்) 'மெயின் லைன்' (ஆர்டரின் தலைப்பு வரி) என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். பொருள் வாரியாகத்தான் வேண்டும் என்றால் அதை 'நோ' ஆக்கி, டாக்ஸ் லைன், ஷிப்பிங் லைன், காக்ஸ் லைன் (COGS, விற்ற சரக்கின் அடக்கவிலை வரி) மூன்றையும் 'நோ' ஆக்குங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. தொடர்புள்ள ரெக்கார்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் மூல வரியே அத்தனை முறை திரும்ப வரும். 10 எண்ணம் கொண்ட ஒரு பொருளை இரண்டு தவணையாக அனுப்பியிருந்தால், 'ஃபுல்ஃபில்லிங்/ரிசீவிங் டிரான்சாக்‌ஷன் ஃபீல்ட்ஸ்...' சேர்த்ததுமே அது இரண்டு வரியாகும். எண்ணிக்கை நெடுவரிசையின் 'சம்மரி டைப்'பில் 'சம்' (கூட்டல்) போட்டால் 20 என்று காட்டும். டாக்குமென்ட் நம்பருக்கும் லைன் ஐடிக்கும் 'குரூப்' போட்டு, எண்ணிக்கைக்கு 'மேக்ஸிமம்' போடுங்கள், சரியாக 10 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கூட்டுத்தொகையை ஓர் ஆர்டரிலாவது கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இனி போன் நம்பர். ஆர்டரிலேயே பதிவான ரெப் போதும் என்றால் 'சேல்ஸ் ரெப் ஃபீல்ட்ஸ்...' நேரடியாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் ரெக்கார்டில் உள்ள ரெப் வேறொருவராக இருக்கலாம். அவருடைய நம்பர்தான் வேண்டும் என்றால் ஆர்டரிலிருந்து வாடிக்கையாளர், அவரிலிருந்து ரெப் என இரண்டு படி தாண்ட வேண்டும். சேவ்ட் சர்ச் ஒரு படிதான் தாண்டும். எனவே வாடிக்கையாளருக்கு ஒரு கஸ்டம் என்டிட்டி ஃபீல்ட் (வாடிக்கையாளர் ரெக்கார்டில் நாமே சேர்க்கும் புலம்) உருவாக்குங்கள். வகை 'போன் நம்பர்'. 'சோர்சிங் அண்ட் ஃபில்டரிங்' பகுதியில் சோர்ஸ் லிஸ்ட் 'சேல்ஸ் ரெப்', சோர்ஸ் ஃப்ரம் 'போன்'. 'ஸ்டோர் வேல்யூ' டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் பழைய வாடிக்கையாளர்களுக்கு நம்பர் காலியாகவே நிற்கும், ரெப் நம்பர் மாற்றினாலும் பழையதே காட்டும். இப்போது அந்த ஃபீல்ட் வாடிக்கையாளரிடமே இருப்பதால், மின்னஞ்சலை எடுத்த அதே இடத்தில் கிடைக்கும்.

இதைவிட ஆழமாகப் போக வேண்டுமென்றால் சேவ்ட் சர்ச்சோடு மல்லுக்கட்டாதீர்கள். நெட்சூட்டின் மற்றொரு அறிக்கைக் கருவியான அனலிடிக்ஸ் ஒர்க்புக்கில் எத்தனையோ படி தாண்டி இணைக்கலாம்.