குதிகால் நாண் வலி இன்னும் முழுதாகப் போகவில்லை, மலையில் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. மலைப்பாதைகளில் ஓடுபவன். நான்கு மாதத்துக்கு முன் வலது குதிகாலுக்கு மேலே வலி ஆரம்பித்தது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். இப்போது சமதளத்தில் 5 கிலோமீட்டர் ஓட முடிகிறது. காலையில் எழுந்ததும் மட்டும் இறுக்கம் இருக்கிறது. ஸ்கேனில் ‘பகுதிக் கிழிசல்’ என்று வந்திருக்கிறது. பயிற்சியாளர் அனுப்பிய மையத்தில் மூன்று பிளாஸ்மா ஊசி போட்டுக்கொண்டால் 10 வாரத்தில் வரும் மலை ஓட்டத்துக்குத் தயாராகிவிடலாம் என்கிறார்கள். ஏற்றத்தில் அதிர்ச்சி குறைவு, அதனால் மேட்டில் இப்போதே ஓடலாம் என்றும் சொல்கிறார்கள். கேட்கலாமா?

பதில்: மேட்டில் ஓடுவதை இன்றே நிறுத்துங்கள். ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள்.

செங்குத்தான ஏற்றத்தில் உங்கள் பாதம் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். முன்பாதம் ஊன்றியிருக்கும், குதிகால் கீழே இறங்கித் தொங்கும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாண் (அக்கிலிஸ் நாண்) முழுதும் இழுபட்ட அந்த நிலையில்தான் உடம்பை மேலே தள்ள வேண்டும். சமதள ஓட்டத்திலேயே இந்த நாண் உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு விசையைத் தாங்குகிறது. ஏற்றத்தில் அதிர்ச்சி குறைவு என்பது முழங்கால் வலிக்காரருக்குச் சொல்லும் ஆறுதல். அதை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். குதிநாணில் வலி உள்ளவருக்கு ஏற்றம்தான் கடைசியாகத் திரும்ப வேண்டியது.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து நாணுக்குள் செலுத்துவார்கள். நெதர்லாந்தில் 54 பேரிடம் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குப் பிளாஸ்மா, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 24 வாரம் கழித்தும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2021-ல் பிரிட்டனில் 240 பேரிடம், ஒரு பகுதியினருக்குப் பிளாஸ்மா போட்டு, மற்றவர்களுக்கு ஊசி போட்டதுபோல் பாவனை மட்டும் செய்து ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் அங்கும் பலன் தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ‘மூன்று ஊசி, ஒரு பேக்கேஜ்’ என்று விற்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அனுப்பிவைத்த பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: “இதில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது?”

பிளாஸ்மா வேண்டாம் என்றால் அடுத்து ஸ்டீராய்டு ஊசியை நீட்டுவார்கள். அது இன்னும் ஆபத்து. நாணைப் பலவீனமாக்கி அறுந்துபோக வழிசெய்யும். ‘ஒரே ஊசியில் வலி போச்சு’ என்று மகிழ்ந்த ஒருவர் மூன்றாவது வாரம் என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தார். கயிறுபோல் விரைப்பாக இருக்க வேண்டிய இடத்தைத் தடவினேன். என் விரல் பள்ளத்துக்குள் இறங்கியது.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். வலியே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர்களின் நாணிலும் இதுபோன்ற மாற்றங்கள் தெரிவதுண்டு. படத்தைப் பார்த்துக் கிழிசல் என்று எழுதியவர் உங்களை ஒரு முறையாவது ஒற்றைக் காலில் எம்பச் சொன்னாரா? மாட்டார், அதற்கு நேரம் ஒதுக்கும் முறையே கிடையாது. “ஓய்வெடுங்கள்” என்று சொல்லி அனுப்ப இரண்டு நிமிடம் போதும். ஓய்வில் வலி அடங்கும், நாண் வலுவாகாது. அதனால்தான் திரும்ப ஓடியதும் திரும்ப வலிக்கிறது.

நாண் சுமையைக் கொடுத்தால்தான் தேறும். ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல், நாள்பட்ட வலி இருந்த 15 பேரைப் படியோரத்தில் நிற்கவைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். நீங்கள் 180 செய்ய வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் கனமான எடையோடு நிதானமாகச் செய்தாலும் அதே பலன் என்று 2015-ல் தெரிந்துவிட்டது. முதுகுப்பையில் எடை ஏற்றிக்கொள்ளுங்கள். குதிகாலை உயர்த்தி எழும்ப மூன்று எண்ணிக்கை, இறங்க மூன்று. முழங்காலை நீட்டியும் செய்யுங்கள், மடித்தும் செய்யுங்கள். மலை ஏறும்போது முழங்கால் மடங்கித்தானே இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணை இருபுறமும் பிடித்து, குதிகால் எலும்பிலிருந்து மேலே அழுத்திக்கொண்டே வாருங்கள். எலும்புக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள் ‘ஆ’ என்றால் மேலே சொன்ன படிப் பயிற்சி பொருந்தும். நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே, அதாவது ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்தில் வலித்தால் கதை வேறு. அப்போது குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கவே கூடாது. இறக்கினால் நாண் எலும்போடு சேர்ந்து நசுங்கும், வலி கூடும். சமதரையில் நின்றே எழும்புங்கள், தரை மட்டத்தோடு நிறுத்துங்கள். ‘நன்றாக இழுத்து ஸ்ட்ரெச் பண்ணுங்கள்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வகைக்காரர் குதிப்பக்கம் உயரமே இல்லாத தட்டை ஷூவையும் ஒதுக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தாளை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதைச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள்.

எப்போது மேடு? வலது காலில் மட்டும் நின்று, இடது காலுக்குச் சமமாக 20 தடவையாவது எழும்ப முடிந்த பிறகு. முதலில் ஏற்றத்தை வேகமாக நடங்கள், கைத்தடிகளோடு. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது 10-க்கு 3 வரை வலி இருந்தால் பரவாயில்லை. தீர்ப்பு மறுநாள் காலையில்தான். கட்டிலிலிருந்து இறங்கிய முதல் பத்து அடியில் இறுக்கம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், முந்தைய ஓட்டம் அதிகம். அடுத்ததைக் குறையுங்கள். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இரண்டு நாள் விடுங்கள். கடும் சுமைக்குப் பின் முதல் ஒன்று ஒன்றரை நாள் நாணில் சேதாரமே மிகுந்திருக்கும், சேர்மானம் அதன் பிறகுதான்.

இறக்கத்தில் நாணைவிடத் தொடைக்குத்தான் வேலை. நான்கு மாதம் இறங்காத தொடை இரண்டாம் நாள் பிடித்துக்கொள்ளும், பயப்படாதீர்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒரு முறை சிறிது தூரம் இறங்கி ஓடிவிட்டால், அடுத்த இறக்கத்தில் அந்தப் பிடிப்பு பெருமளவு குறையும்.

10 வாரக் கெடுவைப் பற்றி: ஏழாவது வாரம் முடிவெடுங்கள். போட்டியின் மொத்த ஏற்றத்தில் பாதியை ஒரே நாளில் ஏறி, மறுநாள் காலை இறுக்கம் கூடாமல் இருந்தால் பெயரை வைத்திருங்கள். கூடினால் விலகிவிடுங்கள். ஓடத் தகுதி என்ற மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று ஓடாதீர்கள். அதில் முத்திரை குத்துபவர் பெரும்பாலும் உங்கள் குதிகாலைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.