பாயா வேகட்டும், நீங்கள் உட்காருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் மயிலாடுதுறை. ஐப்பசி பிறந்ததிலிருந்து விடாத மழை. ஞாயிற்றுக்கிழமையானால் கணவருக்கு ஆட்டுக்கால் பாயா வேண்டும், அதுவும் மண்சட்டியில். குக்கரில் வைத்தால், “அம்மா வைக்கிற ருசி இல்லை” என்கிறார். மாலையில் டிவியில் படம் தொடங்கியதும் மாமியார், கணவர், கல்லூரிக்குப் போகும் மகன் எல்லாரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் மட்டும் அடுப்படியில் நிற்கிறேன். குக்கரா, மண்சட்டியா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: மண்சட்டிதான். ஆனால் அம்மா, நீங்கள் கேட்க வந்தது சட்டியைப் பற்றி இல்லை என்பது ‘நான் மட்டும்’ என்ற இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

சட்டி வழக்கை முதலில் முடித்துவிடுவோம். ஆட்டுக்காலில் கறி கொஞ்சம். தோலும் நரம்பும் எலும்பும்தான் அதிகம். அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் நன்றாக வெந்து, ஜெலட்டின் என்னும் பசையாக இளகினால்தான் பாயா. குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி என்பதால் முக்கால் மணியில் வேலை முடிகிறது. சட்டியில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் சாறு மெல்ல வற்றிச் சுண்டும், நுரையை எடுக்கலாம், நடுவில் உப்புப் பார்க்கலாம். உங்கள் கணவரின் நாக்கு பொய் சொல்லவில்லை.

அந்த மூன்று மணி நேரமும் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? குக்கருக்குத்தான் விசில் எண்ணக் காது வேண்டும். மூன்றரை மணிக்கே அடுப்பில் ஏற்றுங்கள். வாட்டிச் சுத்தம் செய்த கால், அது மூழ்கி மூன்று விரற்கடை மேலே நிற்கும் தண்ணீர், மஞ்சள், தட்டிய இஞ்சி, பூண்டு. ஒரு கொதி வந்ததும் நுரையை அள்ளிவிட்டுத் தீயைக் குறையுங்கள். குமிழி ஒன்றிரண்டாக எழுந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். பிறகு அரை மணிக்கொரு முறை எட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. அதை மகனிடம் கொடுங்கள். படத்துக்கு நடுவில்தான் விளம்பரம் வரிசையாக வருகிறதே! தண்ணீர் குறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீர் பட்டால் காய்ந்த சட்டி விரிசல் விடும்.

அடுத்து மாமியார். ‘அம்மா ருசி’க்குச் சொந்தக்காரர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஏன் ஊகித்துச் சமைக்கிறீர்கள்? மிளகு, சீரகம், மல்லி, சோம்பு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டுங்கள். அளவை அவர் கையாலேயே எடுத்து வைக்கட்டும். சின்ன வெங்காயத்தையும் அங்கேயே உரிக்கலாம். சோகக் காட்சியென்றால் கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இடியாப்பம் பிழிவது கைவலுவுக்கான வேலை. என் கணக்கில் அது பாயாவைவிடப் பெரிய வேலை. மண்சட்டிதான் வேண்டும் என்று கேட்டவர் பிழியட்டும். கோபமாகச் சொல்லாதீர்கள், இடியாப்ப உழக்கைக் கையில் கொடுத்துவிட்டு மாவைத் தட்டில் வைத்தால் போதும். போன வருடம் அடைமழையில் எங்கள் வீட்டு டிஷ்ஷில் சிக்னல் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் மொத்தக் குடும்பமும் அடுப்படிக்கு வந்துவிட்டது, என்ன கமகமக்கிறது என்று பார்க்க. அன்று நான் இடியாப்பம் பிழியவில்லை.

வெந்துவிட்டதா என்று அறிய, ஒரு சொட்டுச் சாற்றை ஆற வைத்து விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு ஒட்டிப் பாருங்கள். பசையாகப் பிடித்தால் பதம். பிறகு வெங்காயத்தையும் மசாலாவையும் வதக்கிச் சேருங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தேங்காய் அரைத்து ஊற்றினால் முடிந்தது. சட்டியை ஈரத் தரையில் வைத்துவிடாதீர்கள். கூடத்தில் பிரிமணை போட்டு, டிவிக்கு எதிரிலேயே இறக்குங்கள். அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் மண்சட்டி கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். படத்தை விட்டுவிட்டு அதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.