நம்மூர்ப் பூச்செடிகளை வீட்டிலேயே விதை போட்டு வளர்க்க முடியுமா? ஆவாரம் விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. குறிஞ்சியும் வளருமா?

தாராளமாக முடியும். ஆவாரை, கனகாம்பரம், பவழமல்லி, வெட்சி எல்லாம் எங்கள் வீட்டில் விதையிலிருந்து வந்தவைதான். உங்கள் ஆவாரம் விதையும் அநேகமாக நல்ல விதைதான். தண்ணீர் அதற்குள் போகவே இல்லை, அவ்வளவுதான்.

கத்தரி, வெண்டைக்குப் பழகிய கை, எந்த விதையையும் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருக்கும். காய்கறி விதை அப்படி உடனே முளைக்கும்படி தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் பொறுக்கியெடுத்தது. காட்டுச்செடிக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு கோடைமழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் கருகினால் வம்சமே போய்விடும். அதனால் ஆவாரை தன் விதையைத் தண்ணீர் புகாத கெட்டித் தோலில் அடைத்து வைக்கிறது. மண்ணில் உரசியும் வெயிலில் காய்ந்தும் அந்தத் தோல் எப்போது விட்டுக்கொடுக்கிறதோ அப்போதுதான் முளைக்கும். சில விதைக்கு இந்த வருஷம், சிலதுக்கு அடுத்த வருஷம்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாதல்லவா, அதனால் உரசும் வேலையை நாமே செய்ய வேண்டும். முதலில் செடி சரிதானா என்று பாருங்கள். சாலையோரம் மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி அகலமான பச்சைச் செதில் இருந்தால் அது ஆவாரை. தட்டையான நெற்றுகள் பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்கும்போது பறியுங்கள். உடைத்ததும் விதைகளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வட்டமாக ஓட்டை விழுந்தவற்றை வண்டு தின்றுவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

மிச்சத்தை ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் தேயுங்கள். விதைக்கு ஒரு பக்கம் கண் (நெற்றோடு ஒட்டியிருந்த தழும்பு) இருக்கும், அதைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தில் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் உள்ளே வெளிறிய நிறம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பில் காயம்படும். ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் தெரிந்துவிடும்: தண்ணீர் குடித்தது உப்பிப் பெருத்து, தோல் தளர்ந்து வழவழப்பாக இருக்கும், குடிக்காதது போட்டபடியே கல்லாகக் கிடக்கும். கல்லாகக் கிடப்பதை மறுபடி தேய்த்து ஊறப்போடலாம். நிறைய விதை இருந்தால் இன்னொரு வழி, கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதைகளைப் போட்டு ஆறும்வரை விட்டுவிடுவது. எனக்கு உப்புத்தாள்தான் பிடிக்கும். எந்த விதை தயார் என்பது கையிலேயே தெரிகிறது.

உப்பிய விதையை அன்றைக்கே நட்டுவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். செம்மண்ணும் மணலும் பாதிப்பாதி, ஒரு பிடி மட்கிய எரு. எரு கூடினால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். ஆணிவேர் சரசரவென்று கீழே இறங்கும் செடி இது. அதனால் அகலத்தொட்டி வேண்டாம், நீளமான பாலித்தீன் பை நல்லது. வேர் பைக்குள் சுருளுவதற்கு முன் நல்ல வெயிலில், நிரந்தரமான இடத்தில் வைத்துவிட வேண்டும். பிடுங்கி இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். ஆடி, ஆவணியில் முளைக்க வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதன் பிறகு தண்ணீர் ஊற்றிக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

பூத்ததும் கருவண்டுகள் வந்து பூவைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிடும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் சின்னத் துளை உள்ள குழலுக்குள் இருக்கிறது, வண்டு உடம்பை அதிரவிட்டால்தான் அது கொட்டும். இலையில் பச்சைப் புழுக்களையும் பார்ப்பீர்கள். மருந்து அடிக்காதீர்கள். தோட்டத்தில் சுற்றும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. கொஞ்சம் இலை போனால் போகட்டும், மறுபடி துளிர்க்கும்.

கனகாம்பரம் வேறு ரகம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. காய்ந்த காயில் ஈரம் பட்டால் டப்பென்று வெடித்து விதையை விசிறியடிக்கும். பனியும் மழையும் முந்திக்கொள்வதால்தான் செடியில் விதை பொறுக்கப் போனால் வெறும் ஓடு கிடைக்கிறது. நல்ல வெயில் நேரத்தில் பழுப்பான கதிரை வெட்டி, ஒரு சம்புடத்தில் போட்டு, நாலு சொட்டு தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். உள்ளே டிக் டிக்கென்று கேட்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். விதைக்கு உப்புத்தாள் வேண்டாம், மேலே லேசாக மண் தூவினால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் வரும். ஒன்று மட்டும் கவனம்: டெல்லி கனகாம்பரத்தில் விதை தேடாதீர்கள். அது மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ள ரகம், அதனால் விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் பெருக்குகிறார்கள்.

பவழமல்லிக்குப் பெரிய வித்தை இல்லை. வட்டத் தட்டைக்காய் பழுப்பானதும் பிளந்தால் அறைக்கு ஒன்றாக இரண்டு விதை. பழசாக விடாமல் போடுங்கள். வெட்சியின் பழம் கருஞ்சிவப்பாகும்போது சதையைப் பிசைந்து கழுவி, காயவிடாமல் விதைக்க வேண்டும். முளைக்க நாளாகும், பொறுமை வேண்டும்.

குறிஞ்சி? நீங்கள் சமவெளியில் இருந்தால் விட்டுவிடுங்கள். நீலக்குறிஞ்சி நீலகிரி, பழனி மலைகளின் உயரத்துப் புல்வெளிச் செடி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். 2006இலும் 2018இலும் மூணாறு, கொடைக்கானல் பக்கம் பூத்தது. 2030இல் மலைக்குப் போய்ப் பார்ப்பதுதான் சுலபம்.