டிஎன்ஏ, புரதம் மாதிரி உயிர் மூலக்கூறுகளை வச்சு நானோ கம்பி செய்ய முடியுமா? அதுல கரண்ட் பாயுமா?

முடியும், செஞ்சே காட்டிட்டாங்க. ஆனா டிஎன்ஏவே கம்பியா மாறி கரண்ட் கடத்தும்னு நெனச்சுக் கேட்டிருந்தீங்கன்னா, அது இல்லீங்க. கரண்ட் போறது உலோகத்துல, அந்த உலோகம் எங்க உக்காரணும்னு இடம் பிடிச்சுக் குடுக்குறதுதான் மூலக்கூறோட வேலை, என்னைக் கேட்டா கஷ்டமான வேலையே அதுதான்.

1998ல இஸ்ரேல்ல டெக்னியான்ங்கிற பல்கலைக்கழகத்துல எரெஸ் பிரவுன் குழு செஞ்சதப் பாருங்க. ரெண்டு தங்க எலக்ட்ரோடு (மின் முனை), ஒவ்வொண்ணுலயும் 12 எழுத்துக்கு (டிஎன்ஏவோட A, T, G, C காரங்கள்தான் எழுத்து) குட்டி டிஎன்ஏ துண்டு ஒட்டியிருக்கு, ரெண்டும் வேற வேற வரிசை. லாம்டா வைரஸோட நீளமான டிஎன்ஏவுக்கு ரெண்டு முனையிலயும் 12 எழுத்து ஜோடி இல்லாம நீட்டிட்டு இருக்கும், அத மேல ஓடவிட்டா ஒவ்வொரு முனையும் தன் ஜோடிய அதுவே கண்டுபிடிச்சு ஒட்டிக்கும், பாலம் ரெடி. டிஎன்ஏ மேல நெகட்டிவ் சார்ஜ் இருக்குறதால வெள்ளி அயனி வந்து ஒட்டும், அப்புறம் அயனிய உலோகமா மாத்துற ஹைட்ரோகுவினோன்ங்கிற கெமிக்கல விட்டா வெள்ளியாவே படிஞ்சிடும், போட்டோ பிலிம் கழுவுற அதே கெமிஸ்ட்ரி. 12 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) நீளக் கம்பி கிடைச்சுது. வெள்ளி போடாத வெறும் டிஎன்ஏல கரண்ட் போகல.

சிக்கல் என்னன்னா டிஎன்ஏ தடிமன் 2 நானோமீட்டர் (மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் நானோமீட்டர்), கம்பி 100 நானோமீட்டர் ஆயிடுச்சு, அதுவும் வெள்ளி மணி மணியா படிஞ்சதால கம்மி வோல்டேஜ்ல கரண்டே வரல.

2003ல அமெரிக்க உயிரியல் விஞ்ஞானி சூசன் லிண்ட்குவிஸ்ட் குழு ஈஸ்ட்டோட பிரியான் புரத (தானா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இழையாகுற புரதம்) இழைய எடுத்து, ஜீன மாத்தி வெளிப்பக்கம் சிஸ்டைன்ங்கிற அமினோ அமிலம் வர்ற மாதிரி பண்ணாங்க. சிஸ்டைன்ல இருக்குற சல்ஃபர் வழியா தங்கத் துகள் இழையோட இறுக்கமா பிணைஞ்சிடும், அதுக்கு மேல வெள்ளியும் தங்கமும் ஏத்தினாங்க, கடத்தல் நல்லா ஓம் விதிப்படி, அதாவது வோல்டேஜ் ஏற ஏற கரண்டும் அதே அளவுல ஏறுற மாதிரி வந்துச்சு. தடிமன் மட்டும் இங்கயும் குறையல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதே வருஷம் டெல் அவீவ்ல எஹுட் காசிட்டும் மெய்டல் ரெச்செஸும் செஞ்சது. ரெண்டே அமினோ அமிலம் சேர்ந்த டைஃபினைல்அலனின், தண்ணில விட்டா தானா குழாய் குழாயா சேருது, இவங்க வெள்ளிய வெளிய பூசாம குழாய்க்கு உள்ள வளர்த்தாங்க, அப்புறம் என்சைம் போட்டு குழாயக் கரைச்சிட்டாங்க, உள்ள இருந்த சுமார் 20 நானோமீட்டர் வெள்ளிக் கம்பி மட்டும் மிச்சம். ஆனா இந்தக் குழாய்க்கு டிஎன்ஏ மாதிரி எந்த எலக்ட்ரோடுல போய் ஒட்டணும்னு தெரியாது. இந்த மெலிசும் டிஎன்ஏவோட அந்தத் தேடிப் பிடிக்கிற குணமும் ஒரே மூலக்கூறுல சேரணும்ங்கிறதுதான் என் ஆசை.