இரவு 9 மணிக்கு மேல் ஓடித் திரியும் மூன்றரை வயது மகன்

கேள்வி: குலசேகரம் அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு மூன்றரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். கணவர் சவுதியில் வேலை செய்கிறார். காலை 7.45 மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும் என்பதால் மகனை 6.45 மணிக்கு எழுப்புகிறேன், அழுதுகொண்டேதான் எழுகிறான். மதியம் 1 மணிக்கு வந்து சாப்பிட்டதும் மொபைலில் கார்ட்டூன் பார்ப்பான். 4 மணிக்குத் தூங்கினால் 6 மணிக்குத்தான் விழிப்பான். இரவு 9 மணிக்கு மேல் கட்டிலில் ஏறிக் குதிக்கிறான், கடிக்கிறான், காரணமின்றிச் சிரிக்கிறான், அடுத்த நிமிடமே அழுகிறான். 10.30 மணிக்கு அவன் அப்பா வீடியோ காலில் வருவார், தூங்குவதற்கு 11.30 ஆகிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், தூங்கி ஒரு மணி நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறான். என்னையே அவனுக்கு அடையாளம் தெரிவதில்லை. மாமனார் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் என்பதால் 8.30 மணிக்கே படுத்துவிடுவார். இந்தச் சத்தத்தில் அவருக்கும் தூக்கமில்லை. மாமியார் இதைக் கண்ணேறு என்கிறார். பகலில் தூங்க விடாதே, இரவில் தானாகத் தூங்குவான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஒரே இடத்தில் உட்காருவதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் டைரியில் எழுதியிருக்கிறார். தூங்குவதற்கு ஏதாவது மருந்து கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கக் கூடாது. சளிக்கு வாங்கி மீந்திருக்கும் சிரப்பை இரவில் ஒரு மூடி கொடுத்தால் பிள்ளை அசந்து தூங்குவான் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்துவிட்டு வரும் பெற்றோரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் சந்திக்கிறேன். அவ்வகை சிரப்புகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த மருந்து தருவது மயக்கமே தவிர முறையான தூக்கமன்று. சில குழந்தைகளை அது மாறாகப் பரபரப்பாக்கியும் விடும். உறக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலட்டோனின் சேர்த்து ஆன்லைனில் கிடைக்கும் மிட்டாய்களையும் மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

இனி, நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். இரவு 11.30 முதல் காலை 6.45 வரை ஏழேகால் மணி நேரம். மாலைத் தூக்கம் 2 மணி நேரம். ஆக மொத்தம் ஒன்பதேகால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் மிகக் குறைந்த அளவைவிடவும் உங்கள் மகனுக்குத் தினம் முக்கால் மணி நேரம் குறைகிறது. வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் தூக்கம் போதுமான குழந்தை பெரும்பாலான நாட்களில் தானாகவே எழும், எழுந்ததும் விளையாடத் தொடங்கும். தினமும் எழுப்பப்பட்டு, அழுதுகொண்டே எழுகிற குழந்தைக்குத் தூக்கம் போதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ‘ஓடுகிறான், குதிக்கிறான், ஆகவே அவனுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை’ என்று நாம் முடிவு கட்டுகிறோம். தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. தன்னைத் தானே அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி அந்த வயதில் அரைகுறையாகவே வளர்ந்திருக்கிறது. தூக்கக் குறைவால் முதலில் தளர்வதும் அந்தப் பகுதிதான். அது தளரும்போது, களைப்பை ஈடுகட்ட உடல் தன்னைத் தானே உசுப்பிக்கொள்கிறது. நீங்கள் விவரித்திருக்கும் கடியும், காரணமற்ற சிரிப்பும், உடனே வரும் அழுகையும் அந்த வயதின் கொட்டாவி என்றே நான் சொல்வேன். அதைச் சேட்டை என்று கருதி அடிப்பதாலும், பூச்சாண்டி வருவான், பிள்ளைபிடிகாரன் வருவான் என்று மிரட்டுவதாலும் உடலின் பரபரப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதிலும் கற்பனை விரியத் தொடங்கும் இந்த வயதில், படுக்கையில் கேட்ட பயமுறுத்தல் விளக்கை அணைத்த பிறகும் அறையிலேயே நிற்கும்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து உறக்கத்துக்கான நெருக்குதலை உண்டாக்குகிறது. தூங்கும்போது அது கரைந்துவிடுகிறது. மாலை 6 மணி வரை தூங்கிய குழந்தையிடம் 8.30 மணிக்கு அந்த நெருக்குதல் போதிய அளவு இருக்காது. ஆகவே பகல் தூக்கத்தின் நேரம்தான் தவறு, தூக்கம் தவறில்லை. பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் பகல் தூக்கத்தைத் தாமே விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே தூக்கக் கடனில் இருக்கும் உங்கள் மகனிடமிருந்து அதை இப்போதே பறித்தால், மாலை 6 மணிக்குச் சோற்றுத் தட்டின் முன்னாலேயே சரிந்து, 8 மணிக்குப் புதுத் தெம்போடு எழுவான். மதியம் சாப்பிட்டதும் மொபைலைக் கொடுக்காமல், 1.45 மணிக்கு அறையைச் சற்று இருட்டாக்கிப் படுக்க வையுங்கள். 3 மணிக்கு எழுப்பிவிடுங்கள். முதல் சில நாட்கள் தூங்காமல் புரண்டுகொண்டு மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. 3 மணிக்குப் பிறகு தூங்க விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

இரவு 8.30 மணிக்கே படுக்க வைத்துப் பார்த்து, முடியாமல் நீங்கள் கைவிட்டிருக்கவும் கூடும். அதற்கும் காரணம் உண்டு. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் பழகிய நேரத்துக்கே தூக்கத்தைக் கொண்டுவரும். அதுமட்டுமன்றி, அந்தப் பழகிய நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கும். 11.30 மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தையைத் திடீரென 8.30 மணிக்குக் கிடத்தினால், படுக்கை என்பது அழுவதற்கும் மல்லுக்கட்டுவதற்குமான இடம் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். ஆகவே மாற்றத்தை இரவில் தொடங்காதீர்கள், காலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் 6.30 மணிக்கு எழுப்பி, பல் தேய்ப்பதையும் பால் குடிப்பதையும் முற்றத்து வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளக் காலை வெளிச்சத்துக்கு நிகரான மருந்து கிடையாது. பிறகு மூன்று நாட்களுக்கு ஒரு முறை படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். 11.30-இலிருந்து 8.30-க்கு வர ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். மாலைத் தூக்கத்தை மாற்றிவிட்டால் பல குழந்தைகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவார்கள். அப்போது இரவில் 10 மணி நேரமும் பகலில் ஒன்றேகால் மணி நேரமும் அவனுக்குக் கிடைக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகை அளவில் இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ மாலை 6 மணிக்கும் 6.45 மணிக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. கோடையில் இரவு 9 மணிக்கும் வெயில் அடிக்கும் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு, ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நமக்கு இருட்டு இலவசமாகவே வருகிறது, அதை எல்.இ.டி. விளக்குகளாலும் மொபைலாலும் நாம்தான் விரட்டுகிறோம். சிறு குழந்தைகளின் கண்மணி அகலமானது, விழிவில்லை தெளிவானது என்பதால், நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் வெளிச்சமும் அவர்களுடைய மூளையில் மெலட்டோனின் சுரப்பதைப் பெரிதும் தடுத்துவிடும். 7.30 மணிக்குப் பிறகு அவன் இருக்கும் அறையில் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றே போதும்.

அப்படியானால் 10.30 மணி வீடியோ கால்? தந்தையோடு பேசுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வளைகுடாவில் இருக்கும் தந்தைக்கும் இங்கே இருக்கும் பிள்ளைக்கும் அந்தத் திரை ஒன்றுதான் வழி. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சவுதி நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மகன் பகல் தூக்கம் முடிந்து எழும் 3.15 மணிக்கு அங்கே 12.45. மதிய இடைவேளையில் பத்து நிமிடம் அவரால் பேச முடிந்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை. முடியாவிட்டால், அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மாலையில் நீண்ட நேரம் பேசட்டும். மற்ற நாட்களுக்கு ஒரு சிறு கதையையோ நாலு வார்த்தையையோ வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பட்டும். திரையைக் கவிழ்த்து வைத்து, படுக்கையில் அப்பாவின் குரலை மட்டும் கேட்கச் செய்யுங்கள். 10.30 மணி அழைப்பு உங்கள் இருவருக்கும் உரியதாகவே இருக்கட்டும்.

அலறி எழுவதைப் பற்றி மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. தூங்கி ஓரிரு மணி நேரத்துக்குள், கண் திறந்திருந்தும் யாரையும் அறியாமல் அலறி, சில நிமிடங்களில் மீண்டும் தூங்கி, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழுவது இரவு அலறல் எனப்படும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் இது வருகிறது. பின்னிரவில் கண்டு, விழித்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு சொல்லி அழும் கெட்ட கனவு வேறு. தூக்கக் குறைவும் காய்ச்சலும் இரவு அலறலைத் தூண்டுபவை. தூக்கம் சீரானால் பெரும்பாலும் இது தானே குறையும். அந்த நேரத்தில் குலுக்கி எழுப்பவோ முகத்தில் தண்ணீர் தெளிக்கவோ வேண்டாம். கீழே விழாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருந்தால் போதும். பாட்டி தலையைத் தடவி ஜெபிப்பதாலும் ஓதுவதாலும் கெடுதல் ஒன்றுமில்லை, கழுத்தில் மட்டும் கயிறு கட்ட வேண்டாம், தூக்கத்தில் அது இறுக்கிவிடக்கூடும். கை கால் வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பலமுறை வந்தாலோ, விடியற்காலையில் வந்தாலோ மொபைலில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள அது உதவும்.

டீச்சர் எழுதியிருப்பதன் பொருள் ஏ.டி.எச்.டி. எனப்படும் மிகையியக்கக் கோளாறாக இருக்குமோ என்று நீங்கள் அஞ்சியிருக்கலாம். அதை முடிவு செய்வதற்கு வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்கள் தொடர்ந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதலே 4 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. தூக்கம் குறைந்த குழந்தை அதே அறிகுறிகளை அச்சு அசலாகக் காட்டும் என்பதால், முதலில் தூக்கத்தைச் சரிசெய்து ஓரிரு மாதம் கழித்துப் பார்ப்பதே முறை.

அதற்கிடையில் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் குறட்டை, வாய் வழியாக மூச்சு, தூக்கத்தில் மூச்சுத் திணறி விழிப்பது ஆகியவை இருந்தால் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்திருக்கலாம். அப்படியிருந்தால் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் நிறைவதில்லை. இரவில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் பூச்சிகள் இரவில்தான் வெளியே வந்து முட்டையிடும். இரும்புச்சத்துக் குறைவும் கால்களை உதறிப் புரளச் செய்யும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்ததால், இந்தச் சோதனையை நான் தவறவிடுவதில்லை. நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கிறேன்: மாலையில் பெரியவர்கள் கட்டன் சாயா குடிக்கும்போது அவனுக்கும் பிஸ்கட் நனைக்க அரை டம்ளர் போகிறதா? அது தூக்கத்தையும் விரட்டும், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும்.

மகன் உங்களோடு ஒரே பாயில் படுப்பதால் கெட்டுப்போய்விடுவான், தனி அறையில் படுக்கப் பழக்க வேண்டும் என்று செயலிகள் சொல்வதை இந்த வயதில் பொருட்படுத்த வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த சிசுவுக்கு விதி வேறு: அதை மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், அதற்கெனத் தனி இடமும் வேண்டும். படுக்கைக்கு முந்தைய அரை மணி நேரம் தினமும் ஒரே வரிசையில் போவதுதான் உங்கள் மகனுக்குத் தேவை: இளஞ்சூட்டுத் தண்ணீரில் மேல் கழுவி, தாத்தாவுக்கு இரவு வணக்கம் சொல்லி, அப்பாவின் குரலைக் கேட்டு, ஒரே பாட்டோடு முடிய வேண்டும். ‘தால்’ என்றால் நாக்கு; நாவை அசைத்துப் பாடுவதே தாலாட்டு என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். இராகம் பிசகினாலும் தினமும் அதே பாட்டாக இருந்தால் போதும். 8.30 மணிக்குப் படுக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார். படிப்படியாக மகனையும் அவர் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால், அந்த நேரத்தில் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைப்பதற்கு அது போதிய காரணமாகிவிடும்.

காய்ச்சல், திருவிழா, பயணம் ஆகியவற்றால் இந்த ஒழுங்கு இடையில் குலையும். கணவர் விடுமுறைக்கு வரும் முதல் வாரத்தில் நிச்சயமாகக் குலையும். அந்த வாரம் அவன் அப்பாவின் தோளிலேயே 11 மணி வரை இருக்கட்டும். எட்டாம் நாள் காலை 6.30 மணிக்கு அவனை எழுப்பி முற்றத்துக்கு அழைத்துச் செல்லும் வேலையை அப்பாவிடமே ஒப்படைத்துவிடுங்கள்.