ஆழ்கடல் அழுத்தத்தில் அன்றாடப் பொருள்கள்: கேள்வி பதில்

ஆழ்கடலுக்கு அனுப்பப்படும் கருவிகளின் உறைகளைச் சோதிப்பது என் பணி. அந்த அனுபவத்துக்கு உட்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: தெர்மாகோல் குவளையை 4,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பினால் நொறுங்கிவிடுமா?

நொறுங்காது, சுருங்கும். பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் சுமார் 400 கிலோ எடைக்கு நிகரான விசை அழுந்துகிறது. தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றறைகளே. அவை நசுங்கியபின் மேலே கொண்டுவந்தாலும் குவளை பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. காகிதம் திணித்து, வலைப்பையில் கட்டி அனுப்பிய குவளை ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் திரும்பி வந்தது. அதன் சுவர் ஓடுபோல் கெட்டிப்பட்டிருந்தது. பேனாவால் எழுதிய எழுத்துகள் அழியாமல், நெருங்கிக் கறுத்திருந்தன.

கேள்வி: நாணயமும் கரண்டியும் நசுங்குமா?

நசுங்காது. நீர் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் திடப்பொருளின் வடிவம் மாறுவதில்லை. எந்தப் பொருளானாலும், அதற்குள் காற்று அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: உள்ளே காற்றுள்ள இரும்புக் கலனே நசுங்கும் ஆழத்தில், கருவி உறைகளாகக் கண்ணாடிக் கோளங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நம்ப முடியவில்லை.

கண்ணாடி இழுவிசைக்குத்தான் எளிதில் உடையும். அமுக்குவிசையை மிக நன்றாகத் தாங்கும். கோள வடிவத்தில் வெளியழுத்தம் முழுவதும் சுவருக்குள் அமுக்குவிசையாகவே பரவுகிறது. இரண்டு அரைக்கோளங்களின் விளிம்புகளை வழவழப்பாகத் தேய்த்துப் பொருத்தினால், கடலின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்த விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் விசை அங்கே குவிந்து சில்லு தெறிக்கும் என்பதால், மூடுமுன் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம்.

கேள்வி: 1960இல் இருவரை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலில் இறங்கிய திரியஸ்த் கலத்தின் சன்னல் விரிசல் விட்டதே, அது உங்கள் வாதத்தை முறியடிக்கவில்லையா?

இல்லை. சுமார் 9,000 மீட்டரில் விரிசல் கண்டது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பலகம், கண்ணாடியன்று. அதன்பிறகும் கலத்தில் இருந்த பிக்கார்டும் வால்ஷும், கடலின் மிக ஆழமான இடமான சேலஞ்சர் மடுவின் அடித்தளத்தைத் தொட்டுத் திரும்பினார்கள். அவர்களைக் காத்தது தடித்த எஃகுக் கோளம் என்பது உண்மைதான். ஆனால் அக்கோளம் தானாக மிதக்காது என்பதால், பெட்ரோல் நிரப்பிய பெரிய மிதவையை அதன் மேல் பொருத்த வேண்டியிருந்தது. கண்ணாடிக் கோளம் அழுத்தத்தையும் தாங்கும், தானாகவும் மிதக்கும்.

கேள்வி: அப்படியானால் கண்ணாடியில் ஆபத்தே இல்லையா?

பெரிய ஆபத்து உண்டு. ஒன்று உடைந்தால் நீர் பாய்ந்து எழும் அதிர்வலை பக்கத்தில் இருப்பதையும் உடைக்கக்கூடும். 2001 நவம்பரில் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடத்தில், பராமரிப்புக்குப்பின் தொட்டியில் நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒளியை உணரும் கண்ணாடிக் குழாய் ஒன்று உள்வெடிக்க, தொடர்ந்து ஆயிரக்கணக்கானவை உடைந்தன. சுமார் 40 மீட்டர் உயரமே உள்ள தொட்டியில் இது நடந்தது.

கேள்வி: மோதிரம்? சாவி? செங்கல்?

மூன்றுக்கும் விடை, நாணயம் பற்றிய பதிலிலேயே இருக்கிறது. செங்கலின் துளைகளில் நீர் புகுந்துவிடும் என்பது மட்டுமே கூடுதல். கேட்குமுன் மேலே உள்ளவற்றைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: ஆழத்திலிருந்து விரைவாக மேலேறும் மனிதனுக்கு என்ன ஆகும்?

அதை முக்குளிப்பு மருத்துவம் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கீழிருந்து மீட்ட மூடிய பெட்டியை உடனே திறக்கலாமா?

கூடாது. ஆழத்தில் நீர் கசிந்து புகுந்தபின், மேலே வரும்போது கசிவு அடைபட்டிருந்தால், ஆழத்தின் அழுத்தம் பெட்டிக்குள்ளேயே நிற்கும். மூடி குண்டுபோல் பாயும். மூடிக்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுசெல்லாதீர்கள். அழுத்தத்தை வெளியேற்றும் திருகு இருந்தால், பக்கவாட்டில் நின்று சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இல்லையென்றால் ஆட்களை விலக்கி வைத்துவிட்டுப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.